கொடுத்தவர் யார், பறிகொடுத்தவர் யார்?

(மதுரையில் அறக்கட்டளை நிர்வாகிகள் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'கறைபட்ட கொடை'. ஊரறியத் தவறான வழியில் சம்பாதித்தவர் நல்ல காரியத்துக்கென்று பணம் நீட்டினால் வாங்கலாமா, கூடாதா? இந்த அரங்கில் பாதிப் பேருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. மாதக் கடைசி. மளிகைக் கடையில் பாக்கி நிற்கிறது. வேன் டிரைவருக்குச் சம்பளம் போடவேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருவர் காரில் வந்து இறங்குகிறார். கையில் காசோலை. அவர் நிதி நிறுவனம் நடத்தி ஊரை ஏமாற்றியவர் என்பது காபி கொண்டுவருகிற பையனுக்குக்கூடத் தெரியும். என்ன செய்வீர்கள்?

'நாய் விற்ற காசு குரைக்குமா?' என்பார் ஒருவர். அவர் பொருளாளராகத்தான் இருப்பார். 'கூடவே கூடாது, பாவப்பணம்' என்பார் இன்னொருவர். அவர் கணக்கு எழுதாத உறுப்பினராக இருப்பார். பெற்றவள் பசித்திருப்பதைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருப்பதை அவர் எடுத்துக்காட்டுவார். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு பேருமே பணத்தைத்தான் பார்க்கிறார்கள். அது சுத்தமா அழுக்கா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு இடங்களை. அந்தப் பணத்துக்குப் பதிலாக உங்கள் நிறுவனத்திலிருந்து என்ன வெளியே போகிறது? அந்தப் பணத்தைப் பறிகொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் உலகையே கலக்கிய ஒரு நன்கொடைத் தகராறு, நம் மதுரையோடு தொடர்புள்ள ஒரு சபையில்தான் வெடித்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சபை அது. இலங்கையின் வட்டுக்கோட்டையில் 1823-ல் செமினரி தொடங்கியவர்கள் அவர்கள். மறு ஆண்டு உடுவிலில் பெண்களுக்குப் பள்ளி வைத்தவர்கள் அவர்கள். 1834-ல் மதுரைக்கு வந்து, 1881-ல் பசுமலையில் கல்லூரி தொடங்கியவர்களும் அவர்களே. அமெரிக்கன் கல்லூரி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

1905-ல் அந்தச் சபைக்கு ஒரு லட்சம் டாலர் வந்தது. கொடுத்தவர் ஜான் டி. ராக்ஃபெல்லர். ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் அதிபர். ரயில் கம்பெனிகளோடு ரகசியக் கட்டண ஒப்பந்தம் போட்டு, போட்டிக்கு வந்த சிறு எண்ணெய்க்காரர்களை ஒழித்தவர் என்று ஐடா டார்பெல் என்ற பத்திரிகையாளர் மாதாமாதம் எழுதி முடித்திருந்த நேரம் அது. நாடு முழுக்க அந்தத் தொடரைப் படித்திருந்தது. சபையைச் சேர்ந்த போதகர்களே எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரப் போதகர் வாஷிங்டன் கிளாடன்.

கிளாடன் என்ன சொன்னார்? பணம் தீட்டுப்பட்டது என்பதோடு அவர் நிற்கவில்லை. அவர் வாதம் அதைவிடக் கூர்மையானது. திருச்சபையின் வேலை அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது. கொடையை வாங்கிக்கொண்டவர் கொடுத்தவருக்குக் கூட்டாளி ஆகிறார். பிறகு எந்த வாயால் அவரைக் கண்டிப்பது?

யோசித்துப் பாருங்கள். ராக்ஃபெல்லர் 'என்னைப் பற்றிப் பேசாதே' என்று நிபந்தனை போட்டாரா? போடவில்லை. போடத் தேவையும் இல்லை. வாங்கியவருக்கே நா எழாது. ரசீதில் வராத வரவு-செலவு என்று ஒன்று இருக்கிறது, அவையோரே. ரசீதில் ஒரு லட்சம் டாலர் வரவு. ரசீதில் வராத கணக்கில் ஒரு சபையின் வாய் செலவு.

கதையின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. பணம் தானாக வந்ததுபோல ஒரு பேச்சை முதலில் நடமாட விட்டிருந்தார்கள். கடைசியில் உண்மை வெளிப்பட்டது. சபையின் செயலாளரே தேடிப்போய் நீண்டகாலம் கேட்டு வாங்கிய பணம் அது. ராக்ஃபெல்லரின் அறப்பணிகளைக் கவனித்த பிரெடரிக் கேட்ஸ், அவரும் ஒரு போதகர்தான், 'கேட்டதை ஏன் மறைக்கிறீர்கள்?' என்று கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது என்பேன். கறைபட்ட பணத்தைக் கேட்டு வாங்கினால் 'கேட்டு வாங்கினோம்' என்று சொல்லும் துணிச்சலாவது வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சமே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

சபை பணத்தைத் திருப்பித் தரவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் இனிமேல் கேட்டுப் போவதில்லை என்று ஒரு தீர்மானம் போடச் சொன்னார் கிளாடன். அதையும் ஒத்திப்போட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் வழக்கறிஞனாகிவிடுவேன், பேச்சாளனாக இருக்கமாட்டேன். அதே ராக்ஃபெல்லர் பணம் பின்னாளில் கொக்கிப்புழு ஒழிப்புக்குப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், வெறுங்காலோடு மலையேறிக் கொழுந்து பறித்த நம் மக்களின் குடலில் அந்தப் புழு இருந்தது. ரத்தம் சுண்டி, வயிறு ஊதி, வேலை செய்ய முடியாமல் சுருண்டவர்கள் அவர்கள். 1916 முதல் அந்தத் தோட்டங்களில் மருந்து கொடுத்தார்கள், கழிப்பிடம் கட்டச் சொன்னார்கள். குணமான ஒரு தோட்டத் தொழிலாளியிடம் போய், 'அம்மா, அமெரிக்காவில் ஒரு எண்ணெய்க்காரர் நொடித்துப்போனதால் சேர்ந்த பணத்தில் உனக்கு மருந்து கிடைத்தது, நீ வாந்தி எடுத்துவிடு' என்று சொல்லமுடியுமா? மருந்து குடித்தவள்மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைமேல் குற்றமில்லை. என் கேள்வி அவர்களிடம் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிய செயலாளரிடம்தான்.

இப்போது ஒரு கடினமான உதாரணத்துக்கு வருகிறேன். கடினம் என்று சொல்வதற்குக் காரணம், இதில் வருகிறவர் நாமெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிற ஒருவர். அன்னை தெரசா.

அமெரிக்காவில் சார்லஸ் கீட்டிங் என்றொரு நிதிப் பெருமுதலாளி. கலிபோர்னியாவில் லிங்கன் சேவிங்ஸ் என்ற சேமிப்பு வங்கி அவர் கையில் இருந்தது. அதன் கிளைகளுக்கு வந்த வாடிக்கையாளர்களிடம் வங்கியின் தாய்க் கம்பெனியுடைய கடன் பத்திரங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் சுமார் 23,000 பேர். நிறையப் பேர் வயதானவர்கள், ஓய்வூதியக்காரர்கள். வங்கிக் கவுண்டரில் விற்கிறார்கள், அரசு காப்பீடு இருக்கும் என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டார்கள். 1989-ல் எல்லாம் சரிந்தது. நம் ஊர் நிதி நிறுவன வாசலில் பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே முகங்கள்தான் அங்கேயும்.

அந்தக் கீட்டிங் அன்னை தெரசாவின் பணிகளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார். பயணத்துக்குத் தன் விமானத்தையும் கொடுத்திருந்தார். வாங்கியபோது அன்னைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமல் வாங்கியதை யாரும் குற்றம் சொல்லமுடியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு வழக்கு வந்தது. ஜூரி குற்றவாளி என்றது. தண்டனை அறிவிக்கும் முன், 1992 ஜனவரியில், அன்னை தெரசா நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கீட்டிங்கின் தொழிலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஏழைகளிடம் அவர் அன்பாகவும் தாராளமாகவும் இருந்தார், கருணை காட்டுங்கள் என்பது அதன் சாரம்.

அந்த வழக்கை நடத்திய அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் பால் டர்லி. அவர் அன்னைக்கு மரியாதையோடு ஒரு பதில் எழுதினார். கீட்டிங் யார் யாரிடம் பறித்தார் என்பதை விளக்கினார். உங்களுக்கு வந்தது அவர்களுடைய பணம், திருடிய பொருள் கையில் இருந்தால் இயேசு என்ன செய்வார் என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க முன்வந்தால் உரியவர்களோடு நானே தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன் என்றார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

கீட்டிங்கின் அந்தத் தண்டனை பின்னர் ரத்தானது. 1999-ல் வேறு மோசடிக் குற்றச்சாட்டுகளை அவரே ஒப்புக்கொண்டார். சட்டக் கதை அது. நமக்கு வேண்டியது இரண்டு கடிதங்கள்தான். முதல் கடிதத்தைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கொடைக்கு ஈடாக அன்று ஒரு நற்சான்று வெளியே போகிறது. கீட்டிங் அதைக் கேட்டு வாங்கினார் என்று வைத்துக்கொள்ளவேண்டாம். நன்றி உள்ள மனம் தானாகவே எழுதும். கொடை வாங்கியவரின் நன்றியைவிட மோசடிக்காரனுக்கு மலிவான முதலீடு வேறு உண்டா?

இரண்டாம் கடிதம்தான் இன்றைய பேச்சின் மையம். 'ஏழைக்குத்தானே போகிறது' என்று வாதாடுகிறோமே, எந்த ஏழைக்கு? கல்கத்தாத் தெருவில் கிடந்தவர் ஏழைதான். கலிபோர்னியாவில் சேமிப்பை இழந்த கிழவியும் இப்போது ஏழைதான். ஒருத்தியிடம் பிடுங்கியதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு நடுவில் இருப்பவர் வள்ளல் ஆகிவிடுகிறார். பறிகொடுத்தவர் பெயரும் முகவரியும் தெரிந்திருக்கும்போது அந்தப் பணத்தின் முதல் பாத்தியதை அவருக்குத்தான். கடன் தீராமல் தானம் ஏது?

சரி, வாய் மூடுவதும் வேண்டாம், நற்சான்றும் வேண்டாம். சுவரில் ஒரு பெயர்தானே கேட்கிறார், அது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நம் ஊரில் உபயதாரர் பெயரை டியூப்லைட் மேலேயே பெயிண்டில் எழுதி வெளிச்சத்தைக் குறைக்கிற கோயில்களைப் பார்த்தவர்கள் நாம். பெயரின் விலை என்ன என்று அமெரிக்காவின் சாக்லர் குடும்பத்தைக் கேளுங்கள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்த டெண்டூர் கோயில் இருக்கிறது. முன்னால் ஒரு நீர்த்தொட்டி. அந்தக் கூடம் 1978 முதல் சாக்லர் கூடமாக இருந்தது. சாக்லர் சகோதரர்கள் மூவரும் மருத்துவர்கள், கலைக்குப் புரவலர்கள். அவர்களில் இருவரின் குடும்பங்களுக்குச் சொந்தமான பர்டியூ கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழக்கமாகிவிடும் அபாயம் குறைவு என்று தவறாகச் சொல்லி விற்றதாக, அதோடு சேர்ந்த கம்பெனி 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020-ல் பர்டியூ மறுபடியும் ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2019 வரை அமெரிக்காவில் ஓபியாய்டு வகை மருந்துகளாலும் போதைப்பொருள்களாலும் இறந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அத்தனையும் இந்த ஒரு மாத்திரையால் அல்ல. குடும்பத்தினர் தங்கள்மேல் தனிப்பட்ட தவறில்லை என்றே சொல்லிவந்தார்கள். மூத்தவர் ஆர்தர் சாக்லர் அந்த மாத்திரை வருவதற்கு முன்பே, 1987-ல் இறந்துவிட்டார் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

நேன் கோல்டின் என்ற புகைப்படக் கலைஞர் இந்த மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர். 2018 மார்ச்சில் ஒருநாள் தோழர்களோடு அந்தக் கூடத்துக்குப் போனார். எல்லோர் பையிலும் ஆரஞ்சு நிற மாத்திரை டப்பாக்கள். சுற்றுலாப் பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, டப்பாக்களைக் கோயில் முன்னிருந்த தண்ணீரில் வீசினார்கள். பிறகு செத்தவர்களைப் போலத் தரையில் படுத்துவிட்டார்கள். 2019-ல் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரிக்குப் போகவிருந்த 10 லட்சம் பவுண்டு நின்றுபோனது. அதே ஆண்டு பாரிஸ் லூவர் பெயரை எடுத்தது. 2021 டிசம்பரில் மெட்ரோபாலிட்டன், டெண்டூர் கூடம் உட்பட ஏழு இடங்களில் பெயரை எடுத்தது.

கவனித்தீர்களா? கோல்டின் 'பணத்தைத் திருப்பிக் கொடு' என்பதைவிட 'பெயரை எடு' என்பதில்தான் ஊன்றி நின்றார். ஏனென்றால் குடும்பம் வாங்கியது பெயரைத்தான். சாக்லர் என்றதும் மாத்திரை நினைவுக்கு வராமல் எகிப்தியக் கோயில் நினைவுக்கு வரவேண்டும். அதற்குத்தான் பணம்.

பெயர் எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டால் சென்னையைப் பாருங்கள். எலைஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். பதவியை வைத்துச் சொந்த வியாபாரம் செய்தார் என்ற புகாரில் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை நீக்கியது. அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு அவர் அனுப்பியது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், ஒரு படம். சரக்கை விற்றால் சுமார் 562 பவுண்டு தேறியது. அந்தத் தொகைக்கு முந்நூறு ஆண்டுகளாக யேல் பல்கலைக்கழகம் என்ற பெயர் நிற்கிறது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

'அப்படியானால் பெயர் இல்லாமல் வாங்கிவிடுகிறோம்' என்பீர்கள். அறிவாளிகளே இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செய்து பார்த்தது. சிறுமியை விபச்சாரத்துக்கு இழுத்த குற்றத்தில் 2008-ல் தண்டனை பெற்ற ஜெஃப்ரி எப்ஸ்டைனிடம் 2002 முதல் 2017 வரை பத்துத் தவணைகளில் 8,50,000 டாலர் அந்த நிறுவனத்துக்கு வந்தது. ஒன்பது தவணைகள் தண்டனைக்குப் பிறகு வந்தவை. தொகை சிறியதாக இருக்கட்டும், பெயர் வெளியே வரவேண்டாம் என்று மேலிருந்தவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. விசாரணை அறிக்கை 2020-ல் வெளிவந்தது. பெயர் பொதுமக்களுக்குத்தான் மறைந்திருந்தது. அவர் வளாகத்துக்கு வந்து போனார், விஞ்ஞானிகளைச் சந்தித்தார். யாருக்கு மறைத்தார்கள்? கேள்வி கேட்கக்கூடியவர்களுக்கு மட்டும். ஆக, ரகசியம் கொடுத்தவரைத் தண்டிக்கவில்லை, வாங்கியவரைக் காப்பாற்றியது. நான் சொன்னவற்றில் இதைத்தான் மிக மோசமானதாகக் கருதுகிறேன்.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள்? சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வகை உண்டு. ஒருவன் வேட்டைக்குப் போகிறான். மிருகத்துக்கு விட்ட அம்பு மனிதன்மேல் பாய்கிறது. ஊரார் கூடி விசாரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, ஆகவே உயிருக்கு உயிர் வேண்டாம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு வை என்கிறார்கள். அணையாமல் எரியும் ஒரு விளக்கின் நெய்க்குப் பொதுவாக 96 ஆடுகள். கொலை செய்தவனிடம் கோயில் கொடை வாங்குகிறது. ஆனால் கல்லில் என்ன வெட்டுகிறார்கள்? இன்னான் இன்னானை எய்து அவன் இறந்துபட்டதால் வைத்த விளக்கு என்றே வெட்டுகிறார்கள். கொடையும் குற்றமும் ஒரே கல்லில். மெட்ரோபாலிட்டன் கூடத்துச் சுவரில் அப்படி எழுதியிருந்தால் சாக்லர் குடும்பம் கொடுத்திருக்குமா?

அந்தக் கல்லைக் கும்பிட்டுவிட்டு ஒரு குறையையும் சொல்லவேண்டும். விளக்கு கோயிலுக்கு எரிந்தது. இறந்தவன் வீட்டு அடுப்பு எரிந்ததா? இது ஆயிரம் ஆண்டுப் பழைய கேள்வி.

நிர்வாகிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். காசோலை மேஜைமேல் வந்து உட்கார்ந்த பிறகு போடும் தீர்மானங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். பணம் வருவதற்கு முன்பே, அடுத்த குழுக் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள். இன்னார் கொடுத்தார், இவ்வளவு கொடுத்தார் என்பதை ஆண்டறிக்கையில் ஒளிக்காமல் போடுவோம். குற்றம் தீர்ப்பான பிறகு பெயர்ப்பலகையைக் கழற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே சேர்ப்போம். கொடுத்தவருக்காக எந்த மேடையிலும் எந்த நீதிமன்றத்திலும் நற்சான்று தரமாட்டோம். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் யாரென்று தெரிந்தால், 'ஐயா, முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், மீதி இருந்தால் பேசுவோம்' என்று சொல்லுவோம். இதைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் திரும்பி வரமாட்டார்கள். மளிகைக் கடைப் பாக்கி இன்னும் ஒரு மாதம் நிற்கும். அதற்குக் கடைக்காரரிடம் நீங்கள்தான் தவணை கேட்கவேண்டியிருக்கும். கேளுங்கள்.